நடுவில் இருந்த சத்தம்

மூவாயிரத்து ஐந்நூறுக்கும் நாலாயிரத்து எண்ணூறுக்கும் நடுவில் இருந்த சத்தம் காணாமல் போயிருந்தது. செங்கப்பள்ளி மேம்பாலம் இறங்கியதும் கோயமுத்தூர் சாலை அகலமாக விரிந்து கிடந்தது. காலை பத்தரை மணி வெயில், முன்னால் ஈ காக்கை இல்லை. நஞ்சுண்டன் மூன்றாம் கியரில் சிவப்பு வண்டியை மிதித்துக்கொண்டு போனான். எஞ்சின் சுற்று இரண்டாயிரத்தில் ஒரு கரகரப்பு, இரண்டாயிரத்து ஐந்நூறில் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல், மூவாயிரத்தில் அது தொண்டைக்கு ஏறுகிறது, மூவாயிரத்து ஐந்நூறில் வாயைத் திறக்கப்போகிறது, இதோ, இதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால், அடுத்து அவனுக்குக் கேட்டது நாலாயிரத்து எண்ணூறின் உச்சக் குரல். வாய் எப்போது திறந்தது? வேகமுள் எழுபத்து நான்கில் இருந்தது, இப்போது நூற்று இரண்டில் நிற்கிறது. நடுவில் இருந்ததை யாரோ கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவைத்தது போல் இருந்தது. முதலில் அவனுக்கு வந்தது எரிச்சல்தான். பயம் வரச் சில விநாடி ஆயிற்று.

ஏனென்றால் நேற்றும் இதேதான் நடந்தது. நேற்று இதே சாலை, வெள்ளை வண்டி. அதிலும் மூன்றாம் கியரில், இதைவிடச் சின்னதாக ஒரு துண்டு காணாமல் போனது. நேற்று அவனுக்குப் பயமில்லை, உள்ளூரக் கொண்டாட்டமாகவே இருந்தது. வெள்ளை வண்டிச் சத்தத்தில் கலப்படம் உண்டு. ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினுக்கு உறுமத் தெம்பு போதாதென்று கம்பெனிக்காரர்களே ஸ்பீக்கர் வழியாகக் கொஞ்சம் உறுமலைக் கலந்து உள்ளே விடுகிறார்கள். ஆக, அறுந்தது ஸ்பீக்கர் சத்தம், அதைப் பிடித்தது நஞ்சுண்டன் காது. 'நாற்சக்கரம்' மாத இதழில் ஸ்போர்ட்டி செடான் என்று எது வந்தாலும் அதன் சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் மார்க் போடுகிறவன் இருபத்திரண்டு வருடமாக அவன்தான். ஆசிரியர் ராமசுந்தரம் வெளியாட்களிடம் அவனை அறிமுகப்படுத்தும்போது பேரைச் சொல்லமாட்டார், 'எங்க காது' என்பார். அந்தக் காது நேற்றுக் கம்பெனிக்காரனின் தில்லுமுல்லைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. 'உறுமல் பாதியில் அறுகிறது, செயற்கைச் சத்தத்தின் லட்சணம் இதுதான்' என்று சொல்லி எழுதவைத்துப் பத்துக்கு ஐந்து போட்டான். எட்டு போட்டிருக்கவேண்டிய வண்டி. இப்போது அதோடு போட்டிக்கு நிற்கும் சிவப்பு வண்டி. இதில் ஸ்பீக்கர் வேலையே கிடையாது. இரண்டு லிட்டர் எஞ்சின், பின்னால் இரண்டு குழாய், அவ்வளவுதான். அறுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. இரண்டு கம்பெனி, இரண்டு எஞ்சின், இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு துண்டைக் காணோம் என்றால், என்றால், அந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்காமல் நான்காம் கியரைப் போட்டான்.

"எப்படீங்கண்ணா?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த ஃபர்ஹானா. மடியில் நோட்டு, விரலிடுக்கில் பென்சில். நாற்சக்கரத்தில் ஓட்டுகிறவர் எழுதுவதில்லை. ஓட்டுகிறவர் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொள்ளவேண்டும். ஃபர்ஹானா சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உக்கடத்தில் அவள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், உதிரிபாகக் கடை, நடக்கப் பழகியதே நட்டு போல்ட்டுகளுக்கு நடுவில். ஸ்டியரிங் பிடித்தால் நஞ்சுண்டன் அந்த வயதில் ஓட்டியதைவிட நன்றாக ஓட்டுவாள், அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"இரு கண்ணு" என்றான்.

இரு என்றால் அவன் ஆழமாக யோசிக்கிறான் என்று ஆபீஸில் அர்த்தம். யோசிக்கத்தான் செய்தான், வண்டியைப் பற்றி அல்ல. காதாக இருக்கும். மேம்பாலம் ஏறி இறங்கியதில் காது அடைத்திருக்கும். மேம்பாலம் என்ன ஊட்டி மலையா, காதடைக்க? பக்கத்தில் லாரி போயிருக்கும், அந்த இரைச்சலில் இது அமுங்கியிருக்கும். லாரி போனதா? போன ஞாபகம் இல்லை. போகவில்லை என்ற ஞாபகமும் இல்லையே, இடிப்பது அங்கேதான். காலையில் இரண்டே இட்லியோடு எழுந்து வந்தது தப்பு, சர்க்கரை இறங்கியிருக்கும். சரி, காது அடைத்தால் காதுக்குத்தானே கேட்காது? முள் எழுபத்து நான்கிலிருந்து எழுபத்தைந்து, எண்பது, தொண்ணூறு என்று ஒவ்வொன்றாகத்தானே ஏறியிருக்கவேண்டும், அதைக் கண் பார்த்திருக்குமே. கண்ணுமா அடைத்துக்கொண்டது? வலதுகால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கை பாட்டுக்கு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்கிறது. எல்லாம் அதனதன் வேலையைச் செய்திருக்கின்றன, ஆள் மட்டும்... ஆள் மட்டும் என்று வந்ததுமே நினைப்பு சட்டென்று மடங்கி வேறு பக்கம் ஓடியது. ஓடிய இடமும் நன்றாக இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, கையில் காபி டம்ளர், மனைவி செண்பகம் குக்கர் வைத்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அடுத்து பார்த்தால் வேட்டியெல்லாம் காபி, செண்பகம் எதிரே நின்று கத்துகிறாள், "நல்லா சுடச்சுட ஊத்திக்கிட்டு கல்லுப் பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கறீங்களே, நெனப்பெல்லாம் எந்தக் கார்ல இருக்குது?" கட்டுரையை யோசித்துக்கொண்டிருந்தேன் என்றான். அவளும் நம்பினாள், அதைவிட மோசம், அவனும் நம்பினான். தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவ்வளவு சூடு பட்டும் ஒருவன் கட்டுரையா யோசிப்பான்? அதற்கு முந்தின மாதம் பல் டாக்டரிடம். டோக்கன் பத்தொன்பது அவனுடையது. பதினெட்டைக் கூப்பிட்டார்கள், அடுத்து இருபத்தொன்று என்றார்கள். என்னம்மா ஆள் தெரிந்தவர்களை முன்னால் விடுகிறீர்களா என்று சண்டைக்குப் போனான். அந்தப் பெண் பாவம், "ரெண்டுவாட்டி கூப்பிட்டனுங்க, நீங்க என்னையத்தானுங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள். பொய் சொல்கிறாள் என்று அவன் அன்றைக்குச் சத்தியமே செய்திருப்பான்.

"எழுதிக்க கண்ணு" என்றான் அவசரமாக. பேசினால் நல்லது. பேசிக்கொண்டே இருந்தால் இடையில் எதுவும் புக முடியாது. "வெள்ளை வண்டி கூப்ட்ட குரலுக்கு ஓடி வருது. ரெண்டாயிரத்துலயே இழுவை வந்துருது. டவுன்ல அதுதான் சொகம். ஸ்டியரிங் லேசு, ஒத்தக் கையில திருப்பலாம், ஆனா ரோட்டுல என்ன நடக்குதுன்னு கைக்குச் சேதி வரமாட்டேங்குது. சிவப்பு அப்படியில்ல. மூவாயிரம் வரைக்கும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையாட்டம் முறுக்கிட்டுத்தான் இருக்குது. அதைத் தாண்டி விட்டுட்டா..." அதைத் தாண்டித்தான் அவன் இல்லை. அதைத் தாண்டி என்ன ஆகிறது என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு எஞ்சினின் உயிரே அந்த ஆயிரத்து முந்நூறு சுற்றில்தான் இருக்கிறது, அதைக் கேட்காமல் அதற்கு மார்க் போடப்போகிறான். பயம் ஒரு பக்கம் இருக்க, வெட்கமும் சேர்ந்துகொண்டது.

மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டால் என்ன? இதை நினைத்த மாத்திரத்தில் கால் தானாக எழுந்தது, வேகம் குறைந்தது, கை மூன்றாம் கியருக்குப் போய்விட்டது. அறிவு வேண்டாம் என்றது. அறிவு சொல்லி இந்தக் கால் என்றைக்குக் கேட்டிருக்கிறது? பெருமாநல்லூர் தாண்டிச் சாலை லேசாக வலப்பக்கம் வளைகிற இடம், மிதித்தான். இரண்டாயிரம், மூவாயிரம், இரண்டு கண்ணையும் முள்ளின் மேல் வைத்து, ஒவ்வொரு நூறாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனான், மூவாயிரத்து நானூறு, ஐந்நூறு, அறுநூறு, இருக்கிறேன், எழுநூறு, இருக்கிறேன், அப்போது அது வாயைத் திறந்தது. ஐயோ என்று இருந்தது அவனுக்கு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. உறுமல் அப்படியே நெகிழ்ந்து ஒரு நீண்ட கூவலாக மாறுகிறது, சீட்டின் முதுகு வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது, ஸ்டியரிங் வளைவின் பாரத்தை உள்ளங்கையில் கொண்டுவந்து வைக்கிறது, முன்சக்கரம் எந்தக் கோட்டில் போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு. அந்த எண்ணம் வந்ததும் கண்ணை அகலத் திறந்துகொண்டான். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் சந்தோஷம் போகவில்லை. இதுதான் கொடுமை. நாற்பத்தொன்பது வயதில், ஒரு மனுஷனுக்கு இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? குழந்தை இல்லை. சொத்து என்று சரவணம்பட்டியில் ஒரு வீடு. சாமி கும்பிடும்போதுகூட அவனுக்கு இப்படி மயிர் சிலிர்த்ததில்லை. இதை எடுத்துக்கொண்டால் நஞ்சுண்டன் என்பவன் யார்? எடுத்துக்கொள்வார்கள். சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் முதல் சொல்லாக அதைத்தான் சொல்வார்.

"எட்டுங்கண்ணா" என்றாள் ஃபர்ஹானா, சிரித்துக்கொண்டு.

"என்ன எட்டு?"

"செங்கப்பள்ளில நீங்க காது குடுத்தீங்கல்ல, அது எட்டு செகண்டு. நேத்து வெள்ளைக்கு நாலுதான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு எது ஜெயிக்கப் போவுதுன்னு."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்தது. புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளப் பார்த்தான். நாற்சக்கரத்தில் அது ஒரு வழக்கம். நஞ்சுண்டன் வண்டியில் திடீரென்று பேச்சை நிறுத்தினால் யாரும் வாய் திறக்கக் கூடாது, அண்ணன் காது கொடுக்கிறார். அதை ஏற்படுத்தியவனே அவன்தான். எட்டு பத்து வருடத்துக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அப்படி ஒரு நேரத்தில் தொணதொணத்தான் என்று வண்டியை ஓரம்கட்டி, பஸ் பிடித்து வா என்று இறக்கிவிட்டான். அந்தக் கதையைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஃபர்ஹானாவுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒருபடி மேலே போய், சேர்ந்த நாளிலிருந்து அதற்குக் கணக்கு வைத்திருக்கிறாள். ஓரத்தில் 'கா' என்று போட்டு, பக்கத்தில் எத்தனை விநாடி என்று. நேரம் நீண்டால் வண்டி நல்ல வண்டி. இதுவரை தப்பியதே இல்லையாம். அவன் அதிக நேரம் காது கொடுத்த வண்டிகளுக்கெல்லாம் அவளே முன்கூட்டி மனசுக்குள் மார்க் போட்டுப் பார்ப்பாளாம், அரை மார்க் முன்னே பின்னே இருக்குமாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் பெருமையாகச் சொன்னாள்.

"மின்னயெல்லாம் மாசத்துக்கு ஒண்ணு வந்தா அதிசயம்ங்கண்ணா. இந்த ரெண்டு மூணு மாசமா வாரத்துக்கு ஒண்ணு வருது. நல்ல நல்ல வண்டியா வருதுங்களே."

நல்ல நல்ல வண்டியாக வருகிறது. அவன் ஸ்டியரிங்கைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டான். அப்படியானால் அந்த மௌனங்களில் எது அவனுடையது? எது அவன் கேட்டுக்கொண்டிருந்தது, எது அவன் இல்லாமல் இருந்தது? அவனுக்கே தெரியாது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்திருக்கின்றன. நாலு வருடத்துக்கு முன்னால் அந்த ஆறு சிலிண்டர் வண்டியைப் பற்றி எழுதிய கட்டுரை, படித்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களே, அதில் கேட்டதெல்லாம் கேட்டதா? இல்லை, அது அப்போது, அப்போது ஒன்றும் இல்லை, இதெல்லாம் இப்போதுதான். இப்போது என்றால் எப்போதிலிருந்து? கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் ஒர்க்‌ஷாப்பில் விழுந்தது ஞாபகம் வந்தது. வாயில் நுரை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, யாரோ ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அதுதானே வலிப்பு. அதற்கு ஆள் கீழே விழவேண்டும், நுரை தள்ளவேண்டும். நான் எங்கே விழுந்தேன்? நேராகத்தானே உட்கார்ந்திருந்தேன். நூற்று இரண்டில் ஒரு கோடு பிசகாமல் ஓட்டியிருக்கிறேன், நோயாளியா இப்படி ஓட்டுவான்? என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்தான். வக்கீல் நன்றாகத்தான் பேசினார், நீதிபதி அசையவில்லை.

நிறுத்திவிடலாம். அவிநாசி வருகிறது, ஓரம்கட்டி, இந்தா கண்ணு நீ ஓட்டு என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பாள். தலைவலி என்று சொல்லலாம். தலைவலி என்று சொல்லி அவளை ஓட்டச் சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு? நாளைக்கும் தலைவலியா? உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆபீஸுக்குத் தெரியும், ராமசுந்தரம் தங்கமான மனுஷன், அதனாலேயே அன்றைக்கே அவனை ஸ்டியரிங் பக்கம் விடமாட்டார், ஒரு மேஜை போட்டுக் கொடுத்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தச் சொல்வார். செண்பகம் அழமாட்டாள், அழுதால்கூடப் பரவாயில்லை, ஸ்கூட்டர் சாவியைக்கூட எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்துவைப்பாள். அவிநாசி போய்விட்டது. இன்னும் இருபது கிலோமீட்டர், நீலாம்பூர் வந்துவிட்டால் அப்புறம் ஊருக்குள் முப்பது நாற்பதில்தான் போகப்போகிறோம். இன்றைக்கு ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று உடனே வராது. வாரத்துக்கு ஒன்று என்று அவளே சொன்னாளே. நேற்று ஒன்று வந்ததே? அது நேற்று. பக்கத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண், சீட் பெல்ட்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, உலகத்திலேயே பத்திரமான இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல்நாள் அவள் அத்தா ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை நம்பித்தான் அனுப்பறேன் என்றார். நஞ்சுண்டன் எண்பதுக்குக் குறைத்து, ஆறாம் கியர் போட்டு, நடுத்தடத்துக்கு வந்தான். நிறுத்தவில்லை. தான் கெட்டவன் என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றியும் நிறுத்தவில்லை.

"பேசிட்டே வா கண்ணு" என்றான்.

"நானா? எழுத வேண்டாமுங்களா?"

"எழுதினது போதும். ஏதாச்சும் சொல்லு. நான் பேசாம இருந்தா என்ற தோளத் தட்டு."

"தட்டினா பஸ்ல வரச் சொல்லுவீங்களே" என்று சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான். தெக்கலூர் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ரொம்பத் தூரத்தில் இடதுதடத்தில் ஒரு பச்சை டேங்கர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்வைக்குப் பிடிமானமாக வைத்துக்கொண்டான். எஞ்சின் ஆறாம் கியரில் அடங்கி, முணுமுணுவென்று ஒரே சுருதியில் ஓடியது. வெள்ளை வண்டியில் இந்த வேகத்தில் டயர் சத்தம்தான் கேட்கும், இதில் எஞ்சின் தூங்கும்போதுகூட மூச்சு விடுவது கேட்கிறது, அதற்கு அரை மார்க் தனியாகத் தரவேண்டும். ஃபர்ஹானா போன மாதம் தன்னைப் பெண் பார்க்க வந்த கதையை எடுத்தாள். "எங்கத்தா அவங்ககிட்ட, புள்ள பத்திரிகை ஆபீஸ்ல எழுதறான்னு மட்டும் சொல்லி வெச்சுட்டாருங்கண்ணா. வண்டி ஓட்டறத மூச்சே விடல. அந்த மாப்பிள்ளை சும்மா இருக்கலாமில்ல, டீயக் குடிச்சுக்கிட்டே எம்பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, அது என்னன்னா அன்னைலருந்து அந்த ஊட்டுப் பக்கமிருந்து ஒரு போன் கூட வரல. எங்கம்மா மூணு நாளு சோறுங்கல."

டேங்கர் லாரியைக் காணோம்.

சாலையில் இல்லை. ஓரத்தில் இல்லை. நஞ்சுண்டன் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே கண்ணாடியில் பார்த்தான். பச்சை டேங்கர் அங்கே இருந்தது, பின்னால், ரொம்பப் பின்னால், சின்னதாக. அதை அவன் தாண்டி வந்திருக்கிறான். அவ்வளவு பெரிய வண்டி, அதன் சக்கரம், அதன் நிழல், அதன் இரைச்சல், எதுவும் அவனுக்கு நடக்கவில்லை.

"அந்த மாப்பிள்ளை என்ன கேட்டாரு?" குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"இப்பத்தான சொன்னேன்?"

"இன்னொருக்கா சொல்லு."

"என்னங்கண்ணா நீங்க. ப்ச் ப்ச்சுன்னு உச்சுக்கூடக் கொட்டினீங்களே. ரெண்டு மூணுவாட்டி கொட்டினீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு, நம்ம மேல இத்தனை பாசமா இருக்காருன்னு."

உதட்டில் ஈரம் இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தான். அவனுடைய வாய் அவன் இல்லாத நேரத்தில் யாருக்கோ உச்சுக் கொட்டியிருக்கிறது, அவள் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இடது சிக்னலைப் போட்டான். காலை மெதுவாக எடுத்தான், எடுக்கும்போதே ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணத் தொடங்கினான், ஒரு எண்ணும் விட்டுப்போகக் கூடாது, நாலு, ஐந்து, கருமத்தம்பட்டி நாலு கிலோமீட்டர் என்ற பலகை, ஆறு, ஏழு, இடதுதடம் காலி, எட்டு, வெள்ளைக்கோடு, ஒன்பது, மண் ஓரம். ஃபர்ஹானா என்னங்கண்ணா என்னங்கண்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் பதில் சொல்லாமல் எண்ணிக்கொண்டே போனான். பதினேழில் வண்டி நின்றது. நியூட்ரல் போட்டான், கைப்பிரேக்கை இழுத்தான், எஞ்சினை அணைத்தான். பின்னால் இருந்த பச்சை டேங்கர் ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று, வண்டி முழுக்க ஒருமுறை குலுங்கியது. இந்தத் தடவை அதை முழுசாகப் பார்த்தான்.

"நெஞ்சு வலிக்குதுங்களா?" அவள் முகம் வெளிறியிருந்தது.

"இல்ல கண்ணு. நீ சொன்ன கதைய நான் கேக்கல. அந்தக் கேள்வி என்னன்னாங்கற வரைக்கும் இருந்தேன். அப்பறம் இல்ல. செங்கப்பள்ளிலயும் நான் காது குடுக்கல. நேத்தும் குடுக்கல. அந்த நேரத்துல நான் இருக்கறதில்ல. திடீர்னு போயிர்றேன், திடீர்னு வந்தர்றேன். ஏன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குது."

சொல்லிவிட்டான். இவ்வளவுதான். சொல்லிவிட்டால் நெஞ்சில் பாரம் குறையும் என்பார்கள், அவனுக்கு ஒன்றும் குறையவில்லை. ஃபர்ஹானா அவனைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள். பின்பக்கமாகப் புரட்டினாள். விரல் ஓரத்திலேயே இறங்கிக்கொண்டு போனது, ஒரு பக்கம், இன்னொரு பக்கம். ஓர் இடத்தில் நின்றது. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான், இல்லை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஏங்கினான்.

"ஆளியார்லருந்து வால்பாறைக்கு ஏறினோமில்லீங்க, சித்திரை மாசம்" என்றாள். "ஆறு செகண்டு போட்டிருக்கேன்."

அவன் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"என்ற பக்கந்தான் பள்ளம் இருந்துச்சு. நான் ஜன்னல எறக்கிவிட்டுட்டு டேமைப் பாத்துக்கிட்டு வந்தேன். போட்டோ கூட எடுத்தேன்." குரல் ஏறியது. "எப்பத்தான் உங்களுக்குத் தெரியும்? இன்னைக்கு மொதல் தடவைலயே தெரிஞ்சுதா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகம் வந்தும் முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தீங்க. என்னைய வெச்சுக்கிட்டு."

ஆமாம் என்றான். வேறென்ன சொல்வது? வண்டி அவ்வளவு நன்றாக இருந்தது என்றா? அதுதான் உண்மை, ஆனால் அதை ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கோபத்தில்தான். கதவைத் திறந்து இறங்கினாள். முன்பக்கமாகச் சுற்றிவந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இறங்கினான். வெயில் தலையில் சுள்ளென்று அடித்தது. பானெட்டுக்கு அடியில் எஞ்சின் சூடு ஆறும் டிக் டிக் சத்தம். வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய், அவள் எழுந்த சீட்டின் கதவைத் திறக்கக் கை வைத்தான்.

"முன்னாடி வேண்டாங்கண்ணா" என்றாள். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "பின்னாடி உக்காருங்க. நடுவுல. பெல்ட்டப் போட்டுக்கங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை செடான் ஓட்டியிருப்பான், ஒன்றின் பின்சீட்டில்கூட அவன் உட்கார்ந்ததில்லை. குனிந்து ஏறினான். முழங்கால் இடித்தது. பெல்ட்டின் கொக்கியைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அவள் காத்திருந்தாள். மாட்டிய சத்தம் கேட்டபின்தான் எஞ்சினைக் கிளப்பினாள். சாலையைப் பார்த்து, சிக்னல் போட்டு, பதறாமல் வண்டியை எடுத்தாள். இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பின்னால் இருந்து கேட்கும்போது அந்தக் குரல் வேறாக இருந்தது, கிட்டத்தில் இருந்தது, முதுகுக்கு அடியிலேயே ஓடியது. நன்றாக இருந்தது. அவனால் அதை மறுக்க முடியவில்லை. மேலே கண்ணாடியில் ஃபர்ஹானாவின் கண்கள் தெரிந்தன. சாலைக்குப் போயின, அவனிடம் வந்தன, மறுபடி சாலைக்குப் போயின.

"அண்ணா" என்றாள்.

"ம்."

கருமத்தம்பட்டி மேம்பாலம் ஏறினார்கள், இறங்கினார்கள்.

"அண்ணா?"

"இருக்கேன் கண்ணு" என்றான்.